லியோனிதாஸ் என்று ஒரு பேரன்

விம்பிள்டன்
9 கார்த்திகை (நவம்பர்) 2024

நிர்மலனுக்கு,

நீ செய்த பிழையை முதலில் எழுதுகிறேன். சுகம் விசாரிப்பது கடைசியில் வரும்.

என்னைக் கேட்காமல் உன் மகனுக்குப் பெயர் வைத்தாய். வைத்த பெயரை எனக்குச் சொல்லவும் இல்லை. பிள்ளையார் கோயிலில் அன்னதான வரிசையில் நின்றபோது, பின்னால் நின்ற கோசிகாவின் தாய் என் தோளைத் தட்டினாள்.

"அக்கா, பேரனுக்கு லியோனிதாஸ் எண்டு பேராம். கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிட்டினமோ?"

"ஆர் சொன்னது?"

"கிங்ஸ்பரி முழுக்கத் தெரியும். உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

சோறு போடுகிறவர் என் முன்னால் வந்து நின்றும் நான் தட்டை நீட்டவில்லை. அவர், "அம்மா, சோறு வேணுமோ வேண்டாமோ?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் குடும்பத்தில் முப்பத்தோராம் நாள் பிள்ளையின் காதில் பெயர் சொல்வது மூத்த பெண். உன் காதில் சொன்னவள் நான். உன் அம்மா, என் தங்கை, உன்னை என் கையில் தந்துதான் கண்ணை மூடினாள். பிள்ளையைப் பெற்ற கீர்த்திகாவுக்குக் காய்ச்சல் என்று முப்பத்தோராம் நாளைத் தள்ளிப்போட்டீர்கள். நானும் நம்பினேன். பரணி நட்சத்திரம், 'லீ' என்ற எழுத்து. சாத்திரியாரைக் கேட்டு லீலாதரன் என்று முடிவெடுத்து வைத்திருந்தேன். அதற்கிடையில் நீங்கள் பதிவே முடித்துவிட்டீர்கள்.

எனக்குப் போன் எடுத்துப் பேசாதே. போனில் நீ "ஓம் பெரியம்மா, ஓம் பெரியம்மா" என்று சொல்லியே கதையை முடித்துவிடுவாய். எழுது. கடிதத்தை இடையில் மறித்துப் பேச ஏலாது.

கீர்த்திகாவுக்குக் காய்ச்சல் உண்மையாக வந்திருந்தால், இப்போது விட்டதா? பிள்ளை பால் குடிக்கிறானா? என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

பெரியம்மா
பாலாம்பிகை


கிங்ஸ்பரி
21 கார்த்திகை 2024

அன்புள்ள பெரியம்மா,

நாங்கள் மூவரும் சுகம். காய்ச்சல் உண்மையாகவே வந்தது, இப்போது விட்டுவிட்டது. உங்கள் முழங்காலுக்கு அந்தத் தைலத்தைத் தொடர்ந்து பூசுங்கள்.

உங்களுக்குச் சொல்லாதது பிழை. நான் சொல்ல நினைத்து மூன்று தரம் விம்பிள்டனுக்கு வந்தேன். மூன்று தரமும் நீங்கள் சாப்பாடு போட்டீர்கள், நான் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

நாங்கள் மதம் மாறவில்லை. அது கிரேக்கப் பெயர், கிறிஸ்துவுக்கு முந்தியது. கீர்த்திகாவின் அப்பா ஆசைப்பட்டு வைத்த பெயர். காரணத்தை ஒருநாள் நேரில் சொல்கிறோம். எழுத்தாவது சரிதானே பெரியம்மா? 'லீ'யில் பெயர் தேடினால் லீலாதரனும் லிங்கேஸ்வரனும் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

பிள்ளையின் படம் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். மூக்கு உங்களுடையது.

நிர்மலன்


விம்பிள்டன்
2 மார்கழி 2024

நிர்மலனுக்கு,

படம் கிடைத்தது. மூக்கு என்னுடையது அல்ல, உன் அப்பாவினுடையது. அதைப் பார்த்து நான் இளகிவிடுவேன் என்று நினைக்காதே.

'காரணத்தை ஒருநாள் சொல்கிறோம்' என்று எழுதியிருக்கிறாய். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். என் இங்கிலீசு நான் சலவை வேலை செய்த லோண்டரியில், மற்றவர்களின் சட்டைப் பைகளில் கிடந்த பேப்பர்த் துண்டுகளை வாசித்துச் சேர்த்த இங்கிலீசு. ஆனாலும் வாசிக்கத் தெரியும். நூலகத்துக்குப் போய் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தேன். அங்கே மேசையில் வேலைக்கு இருந்த பெண்பிள்ளை நல்லவள், மூன்று புத்தகங்களை எடுத்துத் தந்து, பெரிதாக்கும் கண்ணாடியும் தந்தாள்.

லியோனிதாஸ் ஸ்பார்ட்டா என்ற ஊரின் அரசன். பாரசீகர் பெரும் படையோடு வந்தபோது, கடலுக்கும் மலைக்கும் நடுவில் ஓர் ஒடுக்கமான வழியை மறித்து நின்றான். முந்நூறு பேரைத் தன் ஊரிலிருந்து கூட்டிக்கொண்டு போனான். சாவு நிச்சயம் என்று தெரிந்துதான் போனான். மற்ற ஊர்க்காரரைக் கடைசியில் திருப்பி அனுப்பிவிட்டு, தான் நின்று செத்தான். தலையை வெட்டிக் கழியில் குத்தினார்கள்.

இன்னொன்றையும் வாசித்தேன். முந்நூறு பேரையும் எப்படித் தெரிந்தெடுத்தான் தெரியுமா? வீட்டில் ஆண்பிள்ளை இருக்கிறவர்களை மட்டும் பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுத்தான். தகப்பன் செத்தாலும் வீட்டுக்கு ஓர் ஆண் மிஞ்சும் என்று கணக்குப் போட்டிருக்கிறான். மிஞ்சுகிற தாய்மாரைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை.

எங்களைப் போன்ற சனத்துக்குள் பிறந்த பிள்ளைக்கு வைக்கிற பெயரா இது? நின்று சாகிறவனின் பெயர் எங்களுக்கு இனி வேண்டாம். 'தாஸ்' என்று முடிந்தால் சைவப் பெயர் ஆகிவிடுமா?

பதிவு செய்து பன்னிரண்டு மாதங்களுக்குள் முதற்பெயரை மாற்றலாம். கவுன்சிலுக்குப் போன் செய்து கேட்டு அறிந்தேன். மாற்று. மாற்றும்வரை நான் கிங்ஸ்பரி வாசலை மிதிக்க மாட்டேன்.

குளிர் கூடிவிட்டது. பிள்ளையின் காதை மூடி வையுங்கள்.

பாலாம்பிகை


கிங்ஸ்பரி
20 மார்கழி 2024

அன்புள்ள பெரியம்மா,

இங்கே சளியைத் தவிர வேறு குறை இல்லை. உங்கள் வீட்டு ஹீட்டர் திருத்த ஆள் வந்தாரா?

நீங்கள் ஒருவனை மட்டும்தான் வாசித்திருக்கிறீர்கள். அதே பெயரில் இன்னும் பலர் இருந்திருக்கிறார்கள்.

ரோட்ஸ் தீவில் ஒரு லியோனிதாஸ் இருந்தான், ஓட்டக்காரன். நான்கு ஒலிம்பிக்கில் ஓடி, ஒவ்வொன்றிலும் மூன்று ஓட்டத்தில் வென்றான். மொத்தம் பன்னிரண்டு வெற்றி முடிகள். அதில் ஒன்று, தலைக்கவசமும் கேடயமும் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஓட்டம். கடைசி முறை வென்றபோது அவனுக்கு முப்பத்தாறு வயது. அவனுடைய கணக்கை இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் ஒருவரும் தாண்டவில்லை. ஓடுகிறவன் பெரியம்மா, நின்று செத்தவன் இல்லை.

இன்னொரு லியோனிதாஸ் அலெக்சாண்டருக்குச் சின்ன வயதில் வாத்தியார். தாய் பாசத்தில் தின்பண்டம் ஒளித்து வைத்திருக்கிறாளோ என்று பிள்ளையின் பெட்டியையும் படுக்கையையும் கிளறிப் பார்ப்பாராம். இதைக் கீர்த்திகாவுக்கு வாசித்துக் காட்டினேன். "உங்கட பெரியம்மாவுக்கு இவர் என்ன முறை?" என்று கேட்டாள். என் பள்ளிக்கூடப் பையில் நீங்கள் சொக்லேட் தேடியதை நான் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

நேரில் வாருங்கள். பிள்ளை இப்போது சத்தமாகச் சிரிக்கிறான்.

நிர்மலன்


விம்பிள்டன்
6 தை 2025

நிர்மலனுக்கு,

ஹீட்டர் திருத்தியாயிற்று. வந்தவன் காலில் சப்பாத்தோடு உள்ளே வரப் பார்த்தான், விடவில்லை.

ஓட்டக்காரனைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நல்ல பிள்ளையாகத்தான் தெரிகிறான். வாத்தியாரை எனக்குப் பிடித்தது. சாமிக்குச் சாம்பிராணியை அள்ளிப் போடாதே என்று அலெக்சாண்டரைக் கண்டித்திருக்கிறார். பிறகு அந்தப் பொடியன் பெரிய அரசனாகி, இனிக் கஞ்சத்தனம் வேண்டாம் என்று மூட்டை மூட்டையாய்ச் சாம்பிராணி அனுப்பினானாம். அது திமிர். வாத்தியார் சொன்னதுதான் சரி. உன் கீர்த்திகாவிடம் சொல், எனக்கு அவர் அண்ணை முறை.

ஆனால் நீ விட்டுவிட்ட ஒருவர் இருக்கிறார். அலெக்சாந்திரியா நகரத்தில் ஒரு லியோனிதாஸ். ஏழு ஆண்பிள்ளைகளின் தகப்பன். கிறிஸ்தவர்களைப் பிடித்த காலத்தில் அவரையும் பிடித்து அடைத்தார்கள். மூத்தவனுக்குப் பதினேழு வயதுகூட நிரம்பவில்லை. தானும் போய் அப்பாவோடு சாகிறேன் என்று நின்றான். தாய் கெஞ்சிப் பார்த்தாள், அழுதாள். கேட்கவில்லை. அவள் அவனுடைய உடுப்பு முழுவதையும் எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள். உடுப்பில்லாமல் தெருவுக்குப் போக வெட்கப்பட்டு அவன் வீட்டுக்குள் இருந்தான். தகப்பனின் தலையை வெட்டினார்கள். பிள்ளை தப்பினான். நெடுங்காலம் வாழ்ந்து பெரிய அறிஞன் ஆனான்.

அந்தத் தாயின் பெயரைத் தேடினேன். ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

உடுப்பை ஒளித்து வைத்திருக்கிறாள்.

இதற்கு மேல் இன்றைக்கு எழுத ஏலாது.

பாலாம்பிகை


கிங்ஸ்பரி
15 தை 2025

அன்புள்ள பெரியம்மா,

நேற்றுப் பொங்கினோம். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. நீங்கள் இல்லாதது குறைதான்.

உங்கள் கடிதத்தை நானும் கீர்த்திகாவும் பல தரம் வாசித்தோம். நீங்கள் எழுதாத பெயர் ஒன்று அதற்குள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உங்கள் பிள்ளை, என் ரதீசன் அண்ணை, சைக்கிளை எடுத்துக்கொண்டு போன காலையில் எனக்கு ஐந்து வயது. வாசல் கேற்றடியில் நின்று எனக்குக் கையைக் காட்டிவிட்டுப் போனவர். சண்டை பிடிக்க இயக்கத்துக்குத்தான் போகிறார் என்று எனக்கென்ன தெரியும். அவர் திரும்பி வருவார் என்று நீங்கள் அவருடைய சேட்டுகளை மடித்து வைத்திருந்ததும் நினைவிருக்கிறது. அதைப்பற்றி நான் உங்களிடம் ஒருநாளும் கேட்கவில்லை.

ஒரு யோசனை. முதற்பெயர் அப்படியே இருக்கட்டும். நடுப்பெயராக ரதீசன் என்று சேர்த்துவிடுகிறோம். உங்களுக்குச் சம்மதமா?

நிர்மலன்


கிங்ஸ்பரி
26 மாசி 2025

அன்புள்ள பெரியம்மா,

ஆறு கிழமை, ஒன்றரை மாதம் ஆகிறது. பதில் இல்லை. போன சனிக்கிழமை நேரில் வந்தேன். கதவைத் திறந்தீர்கள். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் தந்தீர்கள். "காணுமோ? இன்னும் கொஞ்சம் வைக்கட்டோ?" என்பதைத் தவிர ஒரு சொல் பேசவில்லை. ரயிலில் திரும்பும்போது எனக்கு விக்கல் நிற்கவில்லை.

நான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன் என்றால், அதையாவது எழுதுங்கள். ஏசி எழுதினாலும் சரி.

நிர்மலன்


பிளேஸ்டோ
10 பங்குனி 2025

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

யோகலிங்கம் எழுதுகிறேன், கீர்த்திகாவின் தகப்பன். தங்கள் உடல்நலத்துக்குக் கடவுள் துணை. எனக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு தவிர வேறு குறை இல்லை.

தம்பி நிர்மலனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். பெயர் விஷயத்தில் குற்றவாளி நான்தான். காரணத்தைத் தங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று தம்பி என் கையைப் பிடித்துக் கேட்டார். "பெரியம்மாவுக்கு நோகும் மாமா" என்றார். இப்போது சொல்லாமல் இருப்பதுதான் கூடுதலாக நோகிறது என்று எனக்குப் படுகிறது.

ஜெர்மனி வழியாக இங்கே வருவதற்கு முன் நான் கிரேக்கக் கப்பலில் வேலை செய்தவன். அந்த நாளில் எங்கள் பக்கத்துப் பொடியள் பலர் அப்படித்தான் வெளிக்கிட்டார்கள். எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடி மாதக் கடைசியில் எங்கள் கப்பல் தேயிலை ஏற்றக் கொழும்புக்கு வந்தது. எனக்கும் இன்னும் இரண்டு தமிழ்ப் பொடியளுக்கும் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இறங்க வேண்டும். கப்பலின் மேல்தட்டில் நின்று பார்த்தால் நகரத்துக்கு மேலே புகை. எங்கே என்ன எரிகிறது என்று ஏஜென்டின் படகில் வந்தவன் வாயைத் திறந்து சொல்லவில்லை. எங்கள் முகத்தையும் பார்க்கவில்லை.

கப்பலின் சமையற்காரன் லியோனிதாஸ். பெருத்த உடம்பு, பொல்லாத வாய். எங்களைக் கழுதை என்று கூப்பிடுவானே தவிர, பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. அவன் அகப்பையும் கையுமாக ஏணியடிக்கு வந்தான். புகையைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். பிறகு கப்டனைப் பார்த்துக் கத்தினான். அவன் பேசியது உடைந்த இங்கிலீசு. எங்கள் பேச்சில் சொன்னால் இப்படி வரும்:

"இவங்கள் இறங்கினால் நானும் இறங்குவன். பிறகு நீ தகரத்தில அடைச்ச ரின் மீனைத் தின்னு!"

"உனக்கென்ன விசரோ? இவங்களுக்கு ஒப்பந்தம் முடிஞ்சுது."

"அப்ப எனக்கும் முடிஞ்சுது."

போய் அடுப்பை அணைத்தான். திரும்பி வந்து ஏணி வாசலை மறித்துக் குந்திவிட்டான். மத்தியானச் சாப்பாடு இல்லை. கப்டன் முதலில் சிரித்தான், பிறகு பயமுறுத்தினான். என்ஜின்காரர் பசியில் கப்டனையே ஏசத் தொடங்கினார்கள். பொழுது சாய்கிற நேரம் கப்டன் எங்கள் மூவருக்கும் இன்னொரு வருட ஒப்பந்தம் எழுதித் தந்தான். லியோனிதாஸ் எழும்பி, காற்சட்டையைத் தட்டிவிட்டு, "கழுதையளே, வெங்காயம் உரியுங்கோ" என்று சொல்லிப்போட்டு உள்ளே போனான். 

அந்தக் கிழமை கரையில் தமிழரைத் தேடித் தேடிக் கொன்றதைத் தங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை.

எனக்கு ஆண்பிள்ளை பிறந்தால் அவன் பெயரை வைப்பேன் என்று நேர்ந்திருந்தேன். பிறந்த மூன்றும் பெண். ஆகவே பேரன்வரை காத்திருந்தேன். நான் நினைத்தது அந்தச் சமையற்காரனைத்தான் அம்மா. அந்த அரசனை எனக்குத் தெரியாது.

தங்கள் பிள்ளையை மறிக்க அப்படி ஒருவன் வரவில்லையே என்று தம்பி நினைத்திருக்கிறார். அதனால்தான் வாயை மூடிக்கொண்டார். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யோகலிங்கம்


விம்பிள்டன்
14 பங்குனி 2025

சம்பந்தி யோகலிங்கத்தாருக்கு,

தங்கள் கடிதம் வந்தது. தங்கள் சீனி வருத்தத்துக்குப் பாகற்காய் நல்லது.

எனக்கு நோகும் என்று முடிவெடுக்க நிர்மலன் யார்? ஒரு பிள்ளை தப்பிவிட்டது என்றால் அது எனக்கு நல்ல செய்தி. யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுவிட்டா நான் சந்தோஷப்படுவேன்?

எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். அந்த மனுசன் உயிரோடு இருக்கிறாரா? குடும்பம் இருந்ததா? அவருடைய பெயரைப் பிள்ளைக்கு வைத்ததை அவருடைய ஆட்களுக்குச் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் அதுவும் பிழை.

பாலாம்பிகை


பிளேஸ்டோ
1 சித்திரை 2025

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

பாகற்காய் தின்கிறேன். நாக்குத்தான் நோகிறது.

தங்கள் கேள்வி என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. கிரேக்க நாட்டுப் பிரேயஸ் துறைமுகத்தில் அவனுடைய தங்கை வீட்டில் ஒருமுறை சாப்பிட்டிருக்கிறேன். கீர்த்திகா கொம்பியூட்டரில் இருந்து தேடித் தேடி, அந்தத் தங்கையின் மகளைப் பிடித்துவிட்டாள். போனில் கதைத்தோம். லியோனிதாஸ் கலியாணம் செய்யவில்லை. இறந்து கனகாலம் ஆகிவிட்டது. கொழும்பில் நடந்ததை வீட்டில் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. நான் சொல்லச் சொல்ல அந்தப் பெண், "மாமாவா? எங்கட மாமாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். வீட்டில் அவரைச் சண்டைக்காரன் என்று ஒதுக்கி வைத்திருந்தார்களாம்.

பேரனுடைய பெயரைச் சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். பிறகு, "அந்தப் பெயர் எங்கள் வீட்டில் முடிந்துவிட்டது என்று நினைத்தோம்" என்றாள். பிள்ளையைப் பார்க்க வர ஆசைப்படுகிறாள். தங்களைக் கேட்காமல் நான் வா என்று சொல்லவில்லை.

யோகலிங்கம்


விம்பிள்டன்
9 சித்திரை 2025

நிர்மலனுக்கு,

பிள்ளைக்குக் கீழ்ப்பல் முளைத்திருக்கிறது என்று கீர்த்திகா நேற்றுச் சொன்னாள். போனில் கதைத்தோம். அவள் உன்னைப் போல் 'ஓம் பெரியம்மா' என்று மழுப்பவில்லை, என்னோடு எதிர்த்து நின்று கதைத்தாள். நல்ல பிள்ளை.

உன் பிழையை நான் திருத்தி எழுதுகிறேன். பெயர் வைத்தது பிழை இல்லை. அந்தக் கதையை எனக்கு மறைத்ததுதான் பிழை. என் மகன் இல்லை என்பதற்காக, தப்பிய பிள்ளைகளின் கதையை ஒருவரும் எனக்குச் சொல்லாமல் விட்டால், நான் என்னத்தைக் கேட்டுக்கொண்டு இருப்பது? இனி அப்படிச் செய்யாதே. நான் தலையில் கவசத்தோடு ஓடக்கூடியவள்.

முதற்பல்லுக்கான பல்லுக்கொழுக்கட்டைச் சடங்கு சித்திரை இருபத்தேழாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, கிங்ஸ்பரியில். சாத்திரியாரிடம் நேரம் கேட்டாயிற்று. என்ன செய்ய வேண்டும் என்பதைக் கீழே எழுதுகிறேன். ஒன்றும் மாறக்கூடாது.

நீ: கவுன்சில் பக்கம் போக வேண்டாம். பெயர் இருந்தபடி இருக்கட்டும். நடுப்பெயரும் வேண்டாம். ரதீசன் என்பது அவனுடைய பெயர், அதை நான் வைத்திருக்கிறேன். ஒரு பிள்ளை ஒரு பெயரைச் சுமந்தால் போதும். என்னைக் கூட்டிப்போகக் காலையில் காரில் வா. முழங்காலோடு ரயில் மாற ஏலாது.

கீர்த்திகா: பிள்ளையை மணையில் இருத்தி, தலைக்கு வெள்ளைத் துணி பிடிக்க வேண்டும். கொழுக்கட்டையை அவன் தலையில் கொட்டுகிறவள் நான்.

நான்: மாவும் பயறும் இங்கேயே வறுத்துக்கொண்டு வருவேன். கொழுக்கட்டையில் பல்லுப் போலக் குத்துகிற தேங்காய்ச் சொட்டுக் கீற்றுகளை வேறு யாரும் வெட்ட வேண்டாம். நீங்கள் தடிப்பாய் வெட்டுவீர்கள்.

சம்பந்தி: அந்தப் பெண்ணை வரச் சொல்லுங்கள். எங்கே தங்குவது என்று கேட்டால் விம்பிள்டனில் என் வீட்டில். சாப்பிடுமுன் சபையில் எழும்பி நின்று அந்தக் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். அடுப்பை அணைத்ததையும் விடக்கூடாது. பயறுக் கொழுக்கட்டையில் சர்க்கரை உண்டு, உங்களுக்கு ஒன்றுதான்.

கோசிகாவின் தாய்: அவளுக்கும் நீயே போன் செய்து சொல். முன்வரிசையில் இருந்து கேட்கட்டும்.

எதை எடுப்பானோ அதுவாக வருவான் என்று பிள்ளையின் முன்னால் பரப்புகிற சாமான்கள்: ஏடு, பேனை, சங்கிலி, கண்ணாடி. வாளோ, சுடுகிற விளையாட்டுத் துவக்கோ கண்ணில் படக்கூடாது. கீர்த்திகா ஓர் அகப்பையும் வைக்க வேண்டும், நல்ல பெரிதாய். அவன் அதை எடுத்தால் ஒருவரும் சிரிக்கக் கூடாது.

பெரியம்மா
பாலாம்பிகை